விடுபட்டவர்களின் பட்டியல்

தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பு எதைக் குறித்தது என்று கேட்டால், நம்மில் பலர் மறையுண்மை பற்றிய ஏதோ ஒரு தகராற்றையே நினைப்போம். விருத்தசேதனம் பற்றிய வழக்கு பின்னால் வந்தது. முதலில் வந்தது சோற்று வழக்கு. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் அதைச் சொல்கிறது. எருசலேமில் சீடர்களின் தொகை பெருகியது. நாள்தோறும் பந்தி நடந்தது. அந்தப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள். உணவு குறைந்ததாக லூக்கா எழுதவில்லை. பரிமாற ஆளில்லை என்றும் எழுதவில்லை. அவர்களை எவரேனும் வேண்டுமென்றே ஒதுக்கினார்களா என்பதற்கும் அங்கே விடை இல்லை. உணவு இருந்தது, உண்ண வேண்டியவர்கள் இருந்தார்கள், இடையில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருந்தது. முறுமுறுப்பு எழும்வரை அது பன்னிருவரின் கண்ணில் படவில்லை.

இக்காலத்தார் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். ஒரு பொருள் விளையும் இடத்திலிருந்து அதைப் பயன்படுத்துவோரின் கை வரையுள்ள ஏற்பாடு முழுவதையும் வழங்கல் சங்கிலி என்கின்றனர். எந்தக் கிடங்கில் எவ்வளவு சரக்கு, எந்த லாரி இப்போது எந்த ஊரில் என்பதையெல்லாம் கணினித் திரையில் அந்தக் கணமே காணும்படி செய்துவிட்டால் வீணாவது குறையும், களவு குறையும், வழியில் ஒரு பாலம் உடைந்தாலும் பொருளை வேறு வழியாகத் திருப்பிவிடலாம் என்பது அவர்கள் வாதம். இதில் பெரும்பகுதி உண்மை. அதை மறுப்பதற்காக நாம் எழுதவில்லை. ஆனால் பொருளைக் காண்பதும் மனிதரைக் காண்பதும் ஒன்றுதானா, கண்டவர்க்கு அதன்பின் உள்ள கடமை என்ன என்ற கேள்விகள் நம்மைப் பல ஆண்டுகளாக விடாமல் தொடர்கின்றன. அவை நமக்கு முதன்முதலில் எழுந்த இடம் மண்டபத்தூர்.

காரைக்கால் மாவட்டத்தின் கடற்கரை வடக்கே மண்டபத்தூரில் தொடங்கித் தெற்கே வாஞ்சூரில் முடிகிறது. மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஒரு பக்கம் வங்கக் கடல். மண்டபத்தூருக்கு வடக்கே நண்டலாறு. அதைக் கடந்து சற்றுத் தொலைவு போனால் தரங்கம்பாடி. 2004இல் அக்கரைக்கு நாகப்பட்டினத்தில் ஆட்சியர். இக்கரைக்குப் புதுச்சேரியில் அரசு. (2020ஆம் ஆண்டின் இறுதியில் அக்கரை மயிலாடுதுறை மாவட்டத்தோடு சேர்ந்தது.) கடலுக்கு இந்த எல்லை தெரியாது. அவ்வாண்டு டிசம்பர் 26 காலையில் எழுந்த ஆழிப்பேரலை இரு கரைகளையும் ஒருசேர அடித்தது. பின்னால் வந்த லாரிகளுக்கோ எல்லை தெரிந்திருந்தது. எந்தக் கரைக்கு என்ன போயிற்று, எந்த ஊருக்கு எதுவுமே போகவில்லை என்பதை ஒருசேரக் காணக்கூடிய இடம் முதல் சில நாள்களில் எங்குமே இல்லை. ஒரே ஊருக்கு மூன்று வண்டி ரொட்டி வரும்; அடுத்த ஊர் தண்ணீருக்குக் காத்திருக்கும். நாகை, காரைக்கால் சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாக மழையிலும் புழுதியிலும் கிடந்ததை அந்நாள்களில் அவ்வழியே சென்ற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்புடன் அனுப்பப்பட்ட துணிகள்தாம் அவை. உழைத்து உண்டவர்கள் பிறர் உடுத்திக் கழித்த துணியை வாங்கமாட்டார்கள் என்பதை அனுப்பியவர்கள் அறிந்திருக்கவில்லை, கேட்டால் அறிந்திருப்பார்கள்.

இதைச் சொல்லும்போது நாம் ஏதோ வெளியே நின்று பார்த்தவர்கள்போல் பேசுவது பொருந்தாது. பங்கின் இளைஞர் சிலரோடு நாமும் 2005 ஜனவரியில் மண்டபத்தூருக்கு அரிசி, அடுப்பு, பாய், பாத்திரம் எடுத்துச் சென்றோம். துணிக் குவியலைப் பார்த்துப் பாடம் கற்றவர்களாகையால் பட்டியல் இல்லாமல் எதையும் இறக்குவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். பட்டியலுக்கு எங்கே போவது? இக்கரையோர மீனவ ஊர்களில் தலைக்கட்டு வரி என்று ஒரு முறை உண்டு. மணமான ஆண்மகன் ஒவ்வொருவனும் ஊர்ப் பொதுச் செலவுக்கு வரி கட்டுவான். அவன் பெயர் ஊர்ப் பஞ்சாயத்தின் ஏட்டில் இருக்கும். கோயில் திருவிழாவுக்கும் பொதுக் காரியங்களுக்கும் தலைமுறை தலைமுறையாக உதவிவரும் நல்ல ஏடு அது. நாம் அதை அப்படியே பெயர்த்தெழுதினோம். பெயரைப் படித்தோம், வந்து வாங்கினார்கள், கையொப்பமோ கைந்நாட்டோ பெற்றோம். கணக்கு ஒரு குண்டுமணி பிசகாமல் நேராயிற்று. வண்டியை மூடும்போது ஓர் அம்மையார் வந்து நின்றார். கணவர் அலைக்குப் பல ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். தலையில் மீன்கூடை சுமந்து கோட்டுச்சேரி, நெடுங்காடு பக்கத்துத் தெருக்களில் விற்றுப் பிழைப்பவர். கூடை, தராசு, அன்று காலை மீன் எடுக்க வட்டிக்கு வாங்கி வைத்திருந்த பணம் எல்லாம் தண்ணீரோடு போயிற்று. கடன் மட்டும் போகவில்லை. அவர் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "ஐயா, ஒங்க நோட்டுல ஆம்பள பேரு மட்டுந்தான் எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

அந்த ஏட்டின் மேல் குற்றமில்லை; அது வேறொரு காரியத்திற்காக எழுதப்பட்டது. அதை நிவாரணத்திற்கு எடுத்தாண்டவர்கள் நாம். பட்டியல் வைத்திருக்கிறோம் என்ற நிறைவில், பட்டியலில் இல்லாதவர் உலகத்திலேயே இல்லை என்று நம்பிவிட்டோம். கையிலிருந்ததைத் திரட்டி அவருக்குக் கொடுத்தோம் என்பது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது பொருளைப் பற்றிய கேள்வி அன்று.

நம்மைவிடத் தெளிவாகச் சிந்தித்தவர்கள் அந்நாள்களில் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே எழுந்தது. கரையோரப் பெண்களிடையே பணிபுரிந்துவந்த 'ஸ்நேகா' அமைப்பும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் அதற்கு முன்கை எடுத்தன. ஊர்வாரியாகத் தேவைகளைத் திரட்டிக் கணினியில் ஏற்றி, உதவ வருவோரிடம் 'இந்த ஊருக்கு இது போதும். அந்த ஊருக்கு அது வேண்டும்' என்று சொல்லும் பணி அது. கடலுக்கு அப்பால் கொழும்பில் தன்னார்வக் கணினி வல்லுநர்கள் சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதி, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் 'சஹானா' என்ற பெயரிட்டனர். காணாமற்போனோர், முகாம்கள், உதவும் அமைப்புகள், வந்த கோரிக்கைகள் ஆகிய அனைத்தும் அதில் ஒரே இடத்தில் பதிவாயின. விலையின்றி எவரும் எடுத்தாளத் தந்தமையால் அது பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவிலும் பயன்பட்டது. இவை பெரிய நற்செயல்கள். இப்படியொரு திரை முதல் நாளிலேயே இருந்திருந்தால் மூன்று வண்டி ரொட்டியில் இரண்டு வண்டி தண்ணீராக மாறியிருக்கும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்முடைய வரிப் பட்டியலை அந்தத் திரையில் ஏற்றியிருந்தால், அவ்வம்மையார் அங்கேயும் விடுபட்டிருப்பார். முன்னைவிட உறுதியாக விடுபட்டிருப்பார். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு பெயரைச் செருகலாம். திரையில் ஓரம் கிடையாது.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் 'காணுதல்' என்ற செயல் எத்தனை பேருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? குரு அடிபட்டவனைக் கண்டார். லேவியரும் கண்டார். சமாரியரும் கண்டார். மூவர்க்கும் ஒரே சாலை, ஒரே வெளிச்சம், ஒரே காட்சி. காட்சியில் குறையில்லை, தகவல் மூவர்க்கும் சரியாகவே சென்று சேர்ந்தது. ஆகவே காண்பது பரிவின் தொடக்கமாக இருக்கலாம், பரிவாகிவிடாது. அதிலும் இன்று நாம் வியக்கும் கருவிகள் எட்ட நின்றே காணச் செய்பவை. எட்ட நின்று காண்பவர்க்கு மறுபக்கமாய் விலகிச் செல்ல வேண்டிய தேவைகூட இல்லை; அவர் முன்பே மறுபக்கத்தில்தான் இருக்கிறார்.

கணக்கு கண்டதும் கை காணாததுமான ஒரு நிகழ்ச்சி நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலேயே நடந்தது. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் நியாயவிலைக் கடை அரிசிக்கும் கோதுமைக்கும் மாற்றாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை தொடங்கியது. மறு ஆண்டில் தாத்ரா நகர் ஹவேலியின் ஒரு பகுதியும் சேர்ந்தது. கிடங்கு, லாரி, கடை, எடைக்கல் என்று எத்தனையோ கண்ணிகள் கொண்ட சங்கிலியை ஒரே கண்ணியாகச் சுருக்கிவிடலாம். இடையில் கசிவதற்கு இடமே இராது என்பது நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்லமாட்டோம். ரேஷன் அரிசி எத்தனை வழிகளில் கசியும் என்பது நமக்குத் தெரியாததன்று. கார்த்திக் முரளீதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2016-17இல் இம்மூன்று பகுதிகளிலும் வீடு வீடாகக் கேட்டு நிதி ஆயோக்கிற்கு அறிக்கை தந்தனர். அரசின் கணக்குப்படி பணம் போய்ச் சேராத நிகழ்வு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வீட்டில் கேட்டபோது ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பேர் தங்களுக்குப் பணம் வரவில்லை என்றனர்.

இந்த ஒன்றுக்கும் இருபதுக்கும் இடையில் என்ன நடந்தது? திருட்டு என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். பெரும்பாலும் அது தேவைப்படவில்லை. நாம் மேலே சொன்ன அம்மையாரே அக்காலத்தில் ஒரு பையோடு வந்தார். பையில் மூன்று வங்கிப் புத்தகங்கள். ஒன்று அலைக்குப் பின் நிவாரணத்திற்காகத் தொடங்கியது. இன்னொன்று நூறு நாள் வேலைக்கு. மூன்றாவது எதற்கென்று அவருக்கே நினைவில்லை. அரிசிப் பணம் எதில் வருகிறது என்று கேட்டார். ஆதார் எண்ணோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே இத்தகைய பணம் சென்று சேரும். எந்தக் கிளையில், எந்த நாளில், யார் எந்தத் தாளில் விரலை வைக்கச் சொன்னார் என்பதை அவர் எப்படி அறிவார்? ஒரு வங்கியில் அரை நாள் நின்றோம், மறுநாள் மற்றொன்றில். மூன்றாவது புத்தகத்தில் பதிந்து பார்த்தபோது பணம் ஐந்து மாதமாக வந்து உறங்கிக்கொண்டிருந்தது. அரசின் கண்ணுக்கு அவர் ஐந்து மாதமும் உண்டவர். அவரோ ஐந்து மாதமும் கடைவிலையில் அரிசி வாங்கியவர்.

முழுமையைச் சொல்ல வேண்டுமானால், அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. முறை ஓரளவு சீரானபின் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் அரிசியைவிடப் பணமே மேல் என்றனர். அதையும் மதிக்கிறோம். புதுச்சேரியில் அரிசியே வேண்டும் என்ற குரலும் ஓயவில்லை. 2024 அக்டோபரில் மூடிக்கிடந்த நியாயவிலைக் கடைகள் அங்கே மீண்டும் திறக்கப்பட்டு அரிசி வழங்கப்பட்டது. அரிசியா பணமா என்பது அறிஞரும் அரசியலாரும் தீர்க்க வேண்டிய வழக்கு. நம் மனத்தை உறுத்துவது அந்த இருபது பேர். திரையில் பச்சை விளக்கு எரிந்த பின்னும் ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேட்டதனால் மட்டுமே அவர்கள் இருப்பது தெரியவந்தது. கேட்கப் போகாத மாதங்களில் அவர்கள் எங்கே இருந்தார்கள்?

காரைக்காலில் பிறந்து வளர்ந்தோர்க்கு 'இது எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி புதிதன்று. ஊரின் புகழ்பெற்ற கதையே அக்கேள்வியில்தான் திரும்புகிறது. பரமதத்தன் உண்ட இரண்டாம் மாங்கனி முதற்கனியைவிட இனித்தது. எங்கிருந்து பெற்றாய் என்று மனைவியைக் கேட்டான். விடை கிடைத்தபோது அவனால் அதைத் தாங்க இயலவில்லை. அவரை விட்டு நீங்கினான். ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் நம் சைவ நண்பர்களின் மகிழ்ச்சியைக் காணும்போதெல்லாம் நமக்கு இது தோன்றும்: ஒரு பொருளின் மூலத்தைக் கேட்பவர் அதன் விடைக்கு ஈடுகொடுக்கவும் அணியமாக இருக்க வேண்டும்.

இன்று உலகச் சந்தை நம் கடலைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறது. அமெரிக்கா 2018இல் தொடங்கிய கடலுணவு இறக்குமதிக் கண்காணிப்புத் திட்டத்தில் அவ்வாண்டு டிசம்பர் 31 முதல் இறாலும் சேர்ந்தது. எந்தக் குளத்தில் வளர்ந்தது, எப்போது அறுவடையாயிற்று, யார் கையில் முதலில் மாறியது என்பதற்கெல்லாம் ஏடு வேண்டும். திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆயினும் தோல் உரித்த பெண்ணுக்குக் கொடுத்த கூலி என்ன என்ற கட்டம் அந்த ஏட்டில் இல்லை. உண்பவர் குளத்தைக் காணலாம். குளத்தருகே இருப்பவர் உண்பவர் கொடுத்த விலையைக் காண இயலாது. கண்ணாடி ஒரு பக்கம் மட்டுமே தெளிவாக இருக்கிறது. பொருளை வாங்குவதும் ஓர் அறச்செயலே, வெறும் பொருளியற் செயல் அன்று என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் தம் சுற்றுமடலில் எழுதினார். வாங்குபவர்க்கு அப்படியென்றால், விற்பவரும் வாங்குபவரைக் காணும் உரிமை பெற்றவர் ஆகிறார் அல்லவா?

இருவழியும் காணும்படி கருவி அமைந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளக் கரையில் சான்று உண்டு. 1997 ஜனவரி 14 அன்று காலையில் வடகரையில் 11 படகுகளின் மீன் வாங்குவாரின்றிக் கொட்டப்படும் நிலையில் இருந்தது. அதே நேரத்தில் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பிப் போகும் நிலையில் இருந்தனர். இடையில் இருந்தது அறியாமை மட்டுமே. பின்னர் அக்கரையில் கைப்பேசி வந்தது. கடலிலிருந்தே விலை கேட்கத் தொடங்கினர். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலார் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி மீன் கொட்டப்படுவது ஏறக்குறைய நின்றது. மீனவர் ஆதாயம் 8 விழுக்காடு உயர்ந்தது. உண்போர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. இருபுறமும் இலாபம்! உலகெங்கும் இக்கட்டுரையை எடுத்துக்காட்டாதவர் இல்லை.

ஆனால் ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பரெல் ஆகியோர் பின்னர் கேரள மீனவரிடையே மீண்டும் சென்று பேசி 2013இல் எழுதியது அவ்வளவாக எடுத்துக்காட்டப்படுவதில்லை. விலை தெரிந்தும் பல படகுகள் வேறு கரைக்குப் போவதில்லை. ஏன்? படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த தரகர் இந்தக் கரையில் இருக்கிறார். அவர் கையால்தான் மீன் ஏலம் போக வேண்டும். நம் காரைக்கால் கரையில் உள்ளவர்க்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. மறுகரையில் கூடுதல் விலை என்பதைக் காண்பதும் அங்கே போக இயலாததும் சேர்ந்தால், காட்சி ஒரு துன்பமே ஆகிவிடுகிறது. கண்ணைத் திறந்துவிட்டுக் காலைக் கட்டிவைப்பது எந்த வகை அறிவூட்டல்?

கட்டை அவிழ்த்த முயற்சி ஒன்றும் கேரளத்திலேயே உண்டு. அது கைப்பேசிக்கு மிக முந்தியது. திருவனந்தபுரம் மறைமாவட்டத்தின் முயற்சியால் உருவான மரியநாடு என்ற மீனவ ஊரில் 1970இல் மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தனர். ஏலத்தைத் தரகர் கையிலிருந்து எடுத்துச் சங்கமே நடத்தியது. அன்றன்று ஒவ்வொருவர் மீனுக்கும் என்ன விலை என்பதை எழுதியது. சேமிப்பும் கடனும் அதன் வழியே நடந்தன. இத்தகைய சங்கங்கள் பெருகி, 1980இல் கூட்டமைப்பாயின. நாகையில் 2005இல் தகவல் மையத்திற்கு முன்கை எடுத்ததாக மேலே குறிப்பிட்ட கூட்டமைப்பு அதுவே. அவர்கள் கையில் இருந்த தொழில்நுட்பம் ஒரு தராசு, ஒரு கணக்குப் புத்தகம். எழுதியவரை எழுதப்பட்டவர் கேள்வி கேட்க முடிந்தது என்பதே அதன் சிறப்பு.

இடர் வந்தால் தாங்கும் வலிமையைப் பற்றியும் ஒரு சொல். எகிப்தில் யோசேப்பு ஏழு ஆண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொன்னார். இன்றைய மேலாளர் ஒருவர் அக்களஞ்சியத்தைப் பார்த்தால் இத்தனை சரக்கு ஏன் முடங்கிக் கிடக்கிறது என்றே முதலில் கேட்பார். எவ்வளவு தேவை என்பது துல்லியமாகத் தெரியத் தெரிய, மிகுதியாக வைப்பது மூடத்தனம் என்று தோன்றும். தேவையான அன்று தேவையான அளவு வந்துசேரும் என்ற நம்பிக்கையே கிடங்கைக் காலி செய்துவிடும். 2020 மார்ச் இறுதியில் நாடு முடங்கியபோது அந்த நம்பிக்கை எவ்வளவு மெலிந்தது என்று கண்டோம். அன்று கரையோரத்தில் கைகொடுத்தது கருவாடும், வீட்டிலிருந்த அரிசியும், எழுதாத கணக்கில் கடன் தந்த பக்கத்து வீடும். சமாரியர் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததோடு நிற்கவில்லை. மிகுதியாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். அளவு தெரியாத கணக்கு ஒன்றை அவர் திறந்துவைத்தார். எந்தத் திறமை நூலும் அதைப் பரிந்துரைக்காது.

கருவியும் உறவும் பகையல்ல என்பதற்கு நல்லவாடு சாட்சி. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அந்த மீனவ ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரம் போன்ற செய்திகளை ஒலிபெருக்கியில் சொல்வதற்காக ஏற்பட்ட மையம். 2004 டிசம்பர் 26 அன்று எந்தச் செயற்கைக்கோளும் அந்த ஊருக்கு எச்சரிக்கை அனுப்பவில்லை. இந்தியாவின் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007இல்தான் தொடங்கியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் மகன் ஒருவர் செய்தியைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் கூவினர். ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினர். ஒலிபெருக்கி இல்லாவிடில் செய்தி ஒரு வீட்டோடு நின்றிருக்கும். அந்த மகன் இல்லாவிடில் ஒலிபெருக்கிக்குச் சொல்வதற்கு எதுவும் இருந்திராது.

எருசலேமின் சோற்று வழக்குக்குத் திரும்புவோம். பன்னிருவர் என்ன செய்தனர்? பட்டியலை இன்னும் கவனமாகத் தாங்களே எழுதுவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடம் விட்டனர். அந்த ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்தில் கைம்பெண்கள் விடுபட்டார்களோ அந்தப் பக்கத்தாரிடமே பந்தி முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. எபிரேயர்க்கு இனி இவர்கள் ஒழுங்காகப் பரிமாறுவார்களா என்று எவரும் ஐயுற்றதாகக் குறிப்பில்லை. நிர்வாக நூல்களில் இவ்வளவு துணிச்சலான முடிவை நாம் படித்ததில்லை. இதைக் கண்டுகொள்ள நமக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. காரைக்கால் பகுதியிலும் மரங்கள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. பங்கின் இளைஞர்கள் இம்முறை கைப்பேசியிலேயே ஒரு படிவம் அமைத்திருந்தார்கள். பெயர், வீட்டின் நிலை, நிழற்படம் என எல்லாவற்றையும் ஏற்றினால் எங்கே எத்தனை தார்ப்பாய் தேவை என்று ஒரே நோக்கில் தெரியும். நன்றாகவே செய்திருந்தார்கள். படிவத்தை யார் நிரப்புவது என்று பேச்சு வந்தபோது நாம் மண்டபத்தூரில் அந்த அம்மையாரையும், அவரோடு கூடை சுமக்கும் இன்னும் இரு பெண்களையும் தேடிச் சென்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தோம். நீங்கள் எழுதுங்கள், பிள்ளைகள் அதைப் பார்த்து ஏற்றட்டும் என்றோம்.

மறுநாள் மாலை நோட்டு வந்தது. மூன்று பக்கம். எழுத்துத் தெரிந்த பெண் எழுதியிருந்தார். மற்ற இருவரும் சொல்லியிருந்தனர். வரி ஏட்டில் இல்லாத வீடுகள் இருந்தன. பிழைப்புக்கு வந்து வாய்க்கால் ஓரம் குடிசை போட்டிருந்தவர்கள் இருந்தனர். மகனோடு பேச்சற்றுத் தனியே இருந்த ஒரு முதியவரும் இருந்தார். நாமாக எழுதியிருந்தால் இவர்களில் ஒருவர் பெயரையும் அறிந்திருக்கமாட்டோம். மேலிருந்து கீழ்வரை இருமுறை படித்தோம். அம்மையாரின் பெயரைக் காணோம். மறந்துவிட்டாரோ என்று கேட்டோம்.

"எங்க வீட்டுக் கூர இந்தத் தடவ போவல ஐயா," என்றார். "போனவங்களத்தான எழுதச் சொன்னீங்க?"